கே. பூங்கொடி, எஸ். பூங்கொடி

வலி இல்லை என்றுதான் அவள் முதலில் சொன்னாள்.

"கொஞ்சம் ரத்தம் பட்டிருக்குக்கா. ஆனா வலியெல்லாம் ஒண்ணும் இல்ல." என் தங்கை பூங்கொடி இதைப் போனில் சொன்னபோது அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் கணவர் வீட்டில் இருந்தாள். நான் பெரம்பலூரில் என் கடையில் இருந்தேன். வலி இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. வலியோடு ரத்தம் வந்தால்தான் ஆபத்து என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருந்தது. யார் சொல்லி அந்த நினைப்பு வந்தது என்று தெரியவில்லை.

அது தவறு. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பின்மாதங்களில் வலியே இல்லாமல் ரத்தம் வந்தால் அதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். இதை உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் சொல்ல வேண்டியது இதோடு முடியவில்லை. உங்கள் வீட்டில் ஒருத்தி இப்போது இதே நிலைமையில் இருந்தால் கடைசிவரை படியுங்கள். தைரியம் கொடுக்கும் கட்டுரை இல்லை இது. அப்படிப்பட்டவற்றை நானும் அந்த மாதங்களில் நிறையப் படித்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் தாயும் சேயும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அரியலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். பிளாசென்டா பிரீவியா (குழந்தைக்குச் சத்துக் கொண்டுபோகும் நஞ்சு, கருப்பையில் மேலே ஒட்டியிருக்க வேண்டியது, கீழே இறங்கி வாயை அடைத்துக்கொண்டிருப்பது) என்று சொன்னார்கள். பார்த்த மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகம் பேச மாட்டார், பேசினால் தெளிவாகப் பேசுவார்.

"குழந்தை வெளிய வர்ற வாசல்லயே நஞ்சு உக்காந்திருக்கும்மா. ஆபரேஷன்தான் பண்ணணும். ரத்தம் நிறையப் போகலாம். இவங்க குரூப் ஏ நெகட்டிவ். நினைச்ச உடனே கிடைக்காது, முன்னாடியே எடுத்து வச்சிடணும்."

நெகட்டிவ் (பெரும்பாலானவர்களின் சிவப்பணுக்கள் மேல் இருக்கும் ஒரு புரதம் இவர்களுக்கு இருக்காது, அதனால் பாசிட்டிவ் ரத்தத்தைச் சாதாரணமாக இவர்களுக்கு ஏற்ற மாட்டார்கள்) என்பது எங்கள் இருவருக்கும் பொது. நானும் ஏ நெகட்டிவ்தான். மருத்துவர் இதைச் சொன்னபோது பூங்கொடி என் பக்கம் திரும்பி, "எனக்கென்ன கவலை, எங்கக்காவ ஒரு குழாய் வச்சு இழுத்துக்க வேண்டியதுதான்" என்றாள். மருத்துவர்கூடச் சிரித்துவிட்டார்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸைவிட ஆன்லைன் விண்ணப்பங்கள்தான் அதிகம். அதில் பாதி, இனிஷியல் மாற்றும் வேலை. கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெயரின் முதலெழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்து. எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ரேஷன் கார்டில் ஒன்று இருக்கும், ஆதாரில் ஒன்று, பேங்கில் ஒன்று. ஒரே பெண் மூன்று பேராக என் மேசை முன்னால் வந்து நிற்பாள். நானும் அலுத்துக்கொண்டே ஒன்றாக்கி அனுப்புவேன்.

பூங்கொடிக்கும் என் கடையில்தான் மாற்றினோம். எங்கள் அப்பா காசிநாதன். பிறந்ததிலிருந்து அவள் கே. பூங்கொடி. செந்தில்குமாரைக் கட்டிய பிறகு ஆதாரிலும் காப்பீட்டு அட்டையிலும் எஸ். பூங்கொடி. மாற்றி முடித்த அன்று திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "எஸ்ஸாம் எஸ்ஸு. பக்கத்து பெஞ்சு புள்ள பேரு மாதிரி இருக்குக்கா." செந்தில் பக்கத்தில்தான் நின்றார். சிமென்ட் லாரி ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். "பழகிடும் விடு" என்றார்.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பெரம்பலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண் மறுபடியும் எங்கள் பிள்ளையாகிவிடுகிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அரியலூருக்கு அவளை அழைத்துப் போனது அப்பாதான். புதிதாகச் சீட்டுப் போடும் இடத்தில் பெயர், வயது, ஊர் கேட்டால் அவளை வாய் திறக்கவே விட மாட்டார். கே. பூங்கொடி என்பார். வயது இருபத்தெட்டு நடக்கிறது என்பார். ஊர், எங்கள் ஊர். எதிலும் பொய் இல்லை. ஆதார்படி அவளுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. நம் ஆட்கள் முடிந்த வயதையா சொல்கிறோம், நடக்கிற வயதைத்தானே சொல்கிறோம்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முதல்நாள் வந்து சேரச் சொன்னார்கள். நாள் நெருங்கியதும் ரத்த வங்கிக்கு அவளிடமிருந்து மாதிரி எடுத்தார்கள். திருச்சியிலிருந்து ஏ நெகட்டிவ் இரண்டு பை வரவழைத்து, கிராஸ் மேட்ச் (கொடுக்கப்போகும் ரத்தத்தையும் வாங்கப்போகிறவரின் ரத்தத்தையும் சேர்த்து, ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) செய்து, அவள் பெயரை ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ரத்தம் ரெடி" என்றார். அம்மா சாமி படத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். எங்களுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அது தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம்.

நாங்கள் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள் காலையில் அது வந்தது.

துணிமணி எடுத்து வைக்க உதவலாம் என்று நான் அங்கே போயிருந்தேன். அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பூங்கொடி எழுந்தாள். எழுந்த இடத்திலேயே நின்றாள். புடவையிலிருந்து தரையில் வடிந்தது. அம்மா கையில் சீப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வலி இல்லம்மா" என்றாள் பூங்கொடி. "ஆனா நிக்க மாட்டேங்குது."

ஆம்புலன்ஸ் முதலில் பெரம்பலூரில் இருந்த ஒரு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனது. அரியலூர் வரைக்கும் நேராகப் போக அவள் தாங்க மாட்டாள் என்றார்கள். அங்கே சலைன் ஏற்றினார்கள். ஏ நெகட்டிவ் அவர்களிடம் இல்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் அரியலூர் பிரசவ வார்டுக்கு என் முன்னால்தான் போன் செய்தார். "கே. பூங்கொடி. பிளாசென்டா பிரீவியா, ஹெவி பிளீடிங். உங்க பிளட் பேங்க்லயே ரெடியா இருக்கு, சொல்லி வைங்க." பதில் என்ன வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் தெளிந்தது. இதைவிட ஒழுங்காக ஒருவர் செய்ய முடியாது.

அப்பா செந்திலுக்குப் போன் போட்டார். அவர் அன்றைக்கு அரியலூரிலேயே லோடுக்காக நின்றுகொண்டிருந்தார். "மாப்ள, நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. சீட்டைப் போட்டு வச்சிட்டீங்கன்னா வந்த உடனே உள்ள கொண்டு போயிடலாம்." செந்தில் லாரியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸில் அவளோடு நான் ஏறிக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் பின்னால் காரில் வந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஒதுங்கி வழி விட்டன. அவள் உதடும் நகமும் வெளுத்துக்கொண்டே போயின. ஆம்புலன்ஸில் இருந்த உதவியாளர் அவளைத் தூங்க விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

"பூங்கொடி."

"முழுசாச் சொல்லுங்க."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "கே... பூங்கொடி." பிறகு, "குளுருதுக்கா" என்றாள். அவள் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். பாதம் சில்லென்றிருந்தது.

வாசலிலேயே செந்தில் நின்றார். "எல்லாம் போட்டு வச்சிட்டேன் அண்ணி" என்றார். ஸ்ட்ரெச்சர் நிற்கவே இல்லை. போகிற போக்கில் ஒரு நர்ஸ் அவள் மணிக்கட்டில் பெயர்ப்பட்டையைச் சுற்றினார், இன்னொருவர் கிராஸ் மேட்சுக்கு ரத்தம் எடுத்தார். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

"ரத்தம்?" என்று கேட்டேன்.

"ரெடியா இருக்குன்னு வார்டுல சொல்லிட்டாங்கம்மா. பயப்படாதீங்க" என்றார் நர்ஸ்.

அந்த நடைபாதையில் ஒரு நீலப் பெஞ்சு. அம்மா அதில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். பெண் குழந்தை. வீரிட்டு அழுதது. அம்மாவும் அழுதாள். எனக்கும் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. குழந்தையை உடனே பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு எடுத்துப்போய்விட்டார்கள், அப்பா கூடவே போனார். செந்திலைத் தேடினேன். அவரைக் காணோம்.

அதன் பிறகு கதவு அடிக்கடி திறந்தது. உள்ளே போகிறவர்கள் வேகமாகப் போனார்கள். வெளியே வருகிறவர்கள் எங்களைப் பார்க்காமல் வந்தார்கள். உள்ளே யாரோ, "இன்னுமா வரல?" என்று சத்தம் போட்டது கேட்டது. எது வரவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ரத்தம்தான் ரெடியாக இருக்கிறதே.

அப்போது என் போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. பெரம்பலூர் கடைக்காரர்கள் குரூப்பில் யாரோ, யாரிடமிருந்தோ வந்ததை அனுப்பியிருந்தார்கள். "அவசரம். அரியலூர். எஸ். பூங்கொடி, வயது 27, ஜெயங்கொண்டம். பிரசவம். ஏ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை. எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்." கீழே ஒரு போன் எண்.

நான் என்ன நினைத்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். பேரும் பூங்கொடி, குரூப்பும் ஏ நெகட்டிவ், இதே ஊர். நம் பூங்கொடிக்கு ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறது, இவளுக்கு இனிமேல்தான் தேட வேண்டும். அவளுக்கு நாமே போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். அதற்காகத்தான் அந்த எண்ணைத் தொட்டேன். திரையில் 'செந்தில் தம்பி' என்று வந்தது.

ரத்த வங்கி அடுத்த கட்டடத்தில். முற்றத்தைத் தாண்டி ஓடினேன். செந்தில் அங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு காதுக்கும் போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க வேர்வை.

"அண்ணி, ஏ நெகட்டிவ் இல்லையாம். நமக்குன்னு எதுவும் எடுத்து வைக்கலைங்கறாங்க. ஓ நெகட்டிவ் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அது யாருக்கும் ஏத்தலாமாம், அத நம்ம பூங்கொடிக்குக் குடுத்துட்டாங்க. ஏ நெகட்டிவ் ரெண்டு பை இருக்காம். ஆனா வேற ஒருத்தங்களுக்கு எடுத்து வச்சதாம்."

"யாருக்கு தம்பி? பேரு கேட்டீங்களா?"

"கேட்டு என்ன அண்ணி பண்றது? அவங்களும் புள்ளத்தாச்சியாம். அவங்களுதப் புடுங்கி எப்படிக் குடுக்கச் சொல்றது?"

செந்தில் அப்படிப்பட்டவர். யாரோ ஒரு பெண்ணின் ரத்தத்தை எடுக்க மனசு வராமல் ஊரெல்லாம் போன் செய்துகொண்டிருந்தார்.

ஜன்னலுக்குள் டெக்னீஷியன் ஒருவர், என் வயதுப் பெண். அந்த இரண்டு பை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்றார்.

"கே. பூங்கொடியா?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க இன்னும் வரலீங்க. பெரம்பலூர்லருந்து பிளீடிங்கோட வந்துக்கிட்டு இருக்காங்கன்னு லேபர் வார்டுலருந்து போன் வந்துச்சு. அதான் யாருக்கும் குடுக்காமப் பத்திரமா வச்சிருக்கேன்."

"வந்துட்டா" என்றேன். "அவதாங்க இவ."

வார்டில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு நோயாளிதான் வந்திருந்தாள். பெரம்பலூரிலிருந்து வர வேண்டிய ஏ நெகட்டிவ் பெண் வந்துவிட்டாள், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ரத்த வங்கிக்குத்தான் இரண்டு பெண்கள். ஒருத்தி கே., வயது இருபத்தெட்டு, பெரம்பலூர்ப் பக்கத்து ஊர், வந்துகொண்டே இருக்கிறாள். இன்னொருத்தி எஸ்., வயது இருபத்தேழு, ஜெயங்கொண்டம், செந்தில் ஆதார்படி போட்ட சீட்டில் புதிதாகச் சேர்ந்தவள், ஆஸ்பத்திரி எண்ணும் வேறு. என் தங்கைக்காக எடுத்து வைத்த ரத்தத்தை என் தங்கைக்குக் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தினேன். எடுத்துக் கொடுங்கள், எடுத்துக் கொடுங்கள் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆனால் குளிர்பெட்டியைத் திறக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வாயால சொல்றத வச்சுக் குடுக்க முடியாது. ஒரே பேருல ரெண்டு பேரு எத்தனையோ தடவ வந்திருக்காங்க. மாத்தி ஏத்தினா அந்த ரத்தமே கொன்னுடும். இப்ப வந்திருக்கிற மாதிரியோட இந்தப் பைகளப் பாத்துட்டுத் தர்றேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ பாக்கிறேன்."

பேசிக்கொண்டே அவர் தியேட்டருக்குப் போன் செய்தார். அங்கே பாசிட்டிவ் ரத்தத்தையே ஏற்றிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். சோதிக்காமல் தர முடியாது என்று அவர் சொன்னது சரி. அன்றைக்கும் அது சரி என்று எனக்குத் தெரிந்தது. அவர் வேறு யாராவது ஒருத்தியின் பெயர்க் குழப்பத்தில் இப்படிக் கறாராக நின்றிருந்தால் நானே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எனக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. ஊரார் இனிஷியலை எல்லாம் உட்கார்ந்து திருத்துகிறவள் நான். என் மேல்கூடக் கோபப்பட்டுப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை.

அந்தச் சோதனை நடந்த நேரம் எவ்வளவு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. சுவரில் கடிகாரம் இருந்தது, நான் பார்க்கவில்லை.

பைகள் போயின. வார்டு ஊழியர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் ஓடினார், செந்தில் அவருக்கு முன்னால் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினார். நான் ரத்த வங்கியிலேயே நின்றேன். என்னிடமிருந்து எடுங்கள், நானும் ஏ நெகட்டிவ்தான், என் சொந்தத் தங்கை என்றேன். எடுத்தார்கள். என் கையிலிருந்து வருவது நேராக அவளுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டு கையை மூடி மூடித் திறந்தேன். அந்தப் பெண்தான் மெல்லச் சொன்னார். எடுத்த ரத்தத்தை உடனே ஏற்ற மாட்டார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை எல்லாம் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். இவ்வளவு நேரமும் அது எனக்குத் தெரியாது. அவளுடைய குழாய்ப் பேச்சை நான் உண்மையென்றே வைத்திருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது மருத்துவர் வெளியே வந்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கவில்லை. கருப்பையை எடுத்துவிட்டோம் என்றார். அதற்குள் டி.ஐ.சி. (அளவுக்கு மீறி ரத்தம் போனதால் மிச்ச ரத்தமும் உறையும் சக்தியை இழந்துவிடுவது) வந்துவிட்டது என்றார். எங்கே தொட்டாலும் கசிந்துகொண்டே இருந்தது, இதயம் இரண்டு முறை நின்றது, இரண்டாம் முறை திரும்பவில்லை.

வெளியே நல்ல வெயில். கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ரத்தம் முன்னாடியே போயிருந்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பிழைச்சிருக்கலாம்மா. பிழைக்காமலும் போயிருக்கலாம். நான் தெரியும்னு சொன்னா அது பொய்" என்றார். அந்தப் பதிலோடுதான் நான் காலையில் எழுகிறேன், அந்தப் பதிலோடுதான் படுக்கிறேன். பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

எஸ். பூங்கொடி என்ற பெயரில் அவளை எங்களிடம் ஒப்படைத்தார்கள். கணவர் ஊரில் எரித்தோம். ஆபரேஷனுக்குக் குறித்திருந்த நாளில் அப்பாவின் போனுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அப்பாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

"கே. பூங்கொடிக்கு இன்னிக்கு ஆபரேஷன் இருக்குங்க. நேத்தே அட்மிட் ஆகியிருக்கணும். இன்னும் வரலையே, வர்றீங்களா?"

அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "வந்துட்டுப் போயிட்டாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா எங்கேயும் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. பேங்கில் கேட்டால்கூட அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ரத்தம் ரெடியா என்று கேட்காதீர்கள். எல்லோரும் ரெடி என்றுதான் சொல்வார்கள், அவரவர் வரைக்கும் அது உண்மையாகவும் இருக்கும். எந்தப் பெயரில் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தாய் வீட்டில் போட்ட சீட்டும் கணவர் வீட்டில் போட்ட சீட்டும் இரண்டு பெண்களுடையவை. முதல் மாதத்திலிருந்தே ஒரே இனிஷியல், ஒரே வயது, ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி எண். எது என்று சண்டை போட்டாவது முடிவு செய்யுங்கள். பழைய சீட்டை அவள் கூடவே அனுப்புங்கள். இதையெல்லாம் செய்தாலும் பிழைப்பாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவளை அவளாகவாவது அடையாளம் காண்பார்கள்.

குழந்தை அம்மாவிடம் வளர்கிறாள். செந்தில் லோடு இல்லாத நாட்களில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அவள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கிறவர்கள் எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்கிறார்கள். குழந்தையின் வயதைச் சொல்லும்போது வேறு ஒன்றையும் சேர்த்தே சொல்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளுடைய முதல் பிறந்தநாள் வரப்போகிறது, அதுவும் அதே நாள்தான்.

என் உடம்பும் பழைய உடம்பு இல்லை. மாதாமாதம் வருகிற ரத்தத்தைப் பார்த்தால் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருடம் தொந்தரவு என்று மட்டுமே நினைத்துவந்த ஒன்று. இப்போது அது நிற்கும் வரைக்கும் எனக்குள் எதுவும் ஓடுவதில்லை. நின்ற பிறகுதான் கடையைத் திறக்கிறேன், சாப்பிடுகிறேன், மனிதர்களிடம் பேசுகிறேன்.

அன்றைக்கு நான் கொடுத்த பை யாருக்கோ போனது. யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். என் எண் அவர்களிடம் இருக்கிறது, ஏ நெகட்டிவ் தேவைப்பட்டால் கூப்பிடுகிறார்கள். பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். போன வாரமும் கூப்பிட்டார்கள். அதே டெக்னீஷியன்தான்.

"அக்கா, ஒரு பிரசவ கேஸ். வர முடியுமா?"

"அப்பா இனிஷியலா, வூட்டுக்காரர் இனிஷியலா?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்கிறேன். வேறு யாராக இருந்தாலும் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

"ரெண்டையும் கேட்டுட்டேங்கக்கா. ரெண்டும் ஒருத்தங்கதானான்னு நேர்ல போய்ப் பாத்துட்டேன். நீங்க வாங்க."

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். அந்த முற்றத்தை மட்டும் என்னால் நடந்து கடக்க முடிவதில்லை, எப்போதும் ஓடித்தான் கடக்கிறேன். படுக்க வைத்தார். பெயர் கேட்டார். தெரிந்தவளாக இருந்தாலும் கேட்க வேண்டும், அது விதி.

"கே. வளர்மதி" என்றேன்.

ஊசி ஏறியது. குழாயில் சிவப்பு இறங்கி, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பையை நிறைக்க ஆரம்பித்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்ல" என்றேன். அவளும் அதையேதான் சொன்னாள்.